அறிஞர் புதுப்பயனராகும்போது: விக்கிப்பீடியாத் தொகுத்தல் பிழைகளும் தமிழ் ஆய்வெழுத்து மரபும்

ஆய்வுச் சுருக்கம்

விக்கிப்பீடியாவில் முதன்முதலாகத் தொகுக்க வருவோர் செய்யும் பிழைகள் பெரும்பாலும் கருவிப் பழக்கமின்மையால் நேர்வனவாகவே பேசப்படுகின்றன. துறையறிஞர் ஒருவர் புதுப்பயனராக வரும்போது நேரும் பிழையோ ஆய்வெழுத்தின் நற்பழக்கங்களிலிருந்தே பிறக்கிறது. ஹேமார்க்கெட் வழக்குக் கட்டுரை பற்றி 2012இல் எழுந்த விவாதத்தை மீளாய்வு செய்து, கூற்றுடையாரைச் சுட்டுதல் என்னும் எளிய நெறியை இருதரப்பினரும் தவறவிட்டமையை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. அந்நெறி தமிழ் உரைமரபில் பெற்றிருந்த வடிவமும், இன்றைய தமிழ் ஆய்வெழுத்தில் அது அடைந்துள்ள நிலையும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: விக்கிப்பீடியா, புதுப்பயனர், கூற்றுடையார், இரண்டாம்நிலைச் சான்று, உரைமரபு

முன்னுரை

ஆங்கிலத்தில் 2001 சனவரியிலும் தமிழில் 2003இலும் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியாவைக் குறித்துத் தமிழ்க் கல்விப்புலத்தில் இருவேறு மனப்பாங்குகள் ஒருங்கே நிலவுகின்றன. மாணவர் தம் ஆய்வேட்டில் அதனை மேற்கோளாகக் காட்டினால் நெறியாளர் அடித்துவிடுகிறார். அதே மாணவரைப் பயிலரங்கு ஒன்றில் அமர்த்தி அங்குக் கட்டுரை எழுதுமாறும் பணிக்கிறார். முதலாவதில் குறைகாண ஒன்றுமில்லை. எந்தக் கலைக்களஞ்சியமும் ஆய்வுக்குத் தொடக்கமாகலாமே அன்றி முடிந்த சான்றாகாது. இரண்டாவதுதான் எண்ணிப் பார்க்கத்தக்கது. எழுதச் சென்ற மாணவரும், சில வேளைகளில் நெறியாளருமே, எழுதிய அன்றே தம் பத்திகள் நீக்கப்பட்டிருப்பதைக் காண்கின்றனர். 'துறை அறியாதார் நம்மைத் திருத்துகின்றனர்' என்ற மனக்கசப்புடன் திரும்பியவர்கள் மீண்டும் அப்பக்கம் செல்வதில்லை.

புதுப்பயனரின் பிழைகள் என உதவிப் பக்கங்கள் கூறுவன பலவும் சிறியவை. தொகுத்தல் சுருக்கம் எழுதாமை, உரையாடல் பக்கத்தில் கையொப்பமிடாமை, மணல்தொட்டியில் செய்ய வேண்டிய பயிற்சியைக் கட்டுரைப் பக்கத்தில் செய்தல், ஏற்கெனவே உள்ள கட்டுரையை வேறு தலைப்பில் மீண்டும் தொடங்குதல் முதலியன ஒரு வாரப் பழக்கத்தில் மறைந்துவிடும். இவற்றைப் பற்றி ஆய்விதழில் எழுத வேண்டுவதில்லை. எவ்வளவு கற்றாலும் மறையாத, கற்றவரிடமே மிகுதியாகக் காணப்படும் பிழை ஒன்று உண்டு. அதற்குத் தக்க எடுத்துக்காட்டு அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரின் பட்டறிவில் கிடைக்கிறது.

ஹேமார்க்கெட் கட்டுரையும் பேராசிரியரும்

1886 மே 4 அன்று சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தின் முடிவில் வெடிகுண்டு வீசப்பட்டது. காவலர் எழுவர் உட்படப் பலர் மாண்டனர். எண்மர்மீது வழக்குத் தொடரப்பட்டது. நால்வர் 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் அதற்கு முன்னரே சிறையில் உயிர்நீத்தார். எஞ்சிய மூவருக்கு இல்லினாய் ஆளுநர் ஆல்ட்கெல்ட் 1893இல் பொதுமன்னிப்பு வழங்கினார். 1923இல் சென்னையில் ம. சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய செய்தியை அறிந்த தமிழ் வாசகருக்கு இவ்வழக்கு புதிதன்று. குற்றம் சாட்டப்பட்டோருக்கு எதிராகச் சான்று ஏதுமின்றித் தண்டனை வழங்கப்பட்டது என்பதே வரலாற்று நூல்களில் நெடுங்காலம் நிலைபெற்ற கருத்தாகும். ஹென்றி டேவிட் 1936இலும் பால் ஆவ்ரிச் 1984இலும் வெளியிட்ட நூல்கள் அக்கருத்துக்கு அரணாக விளங்கின.

பௌலிங் கிரீன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் திமோத்தி மெசர்-குரூஸ் இதில் ஐயங்கொண்டார். அவ்வையத்தைத் தூண்டியது வகுப்பறை வினா ஒன்று. சான்றே இல்லையெனில் ஆறு வாரம் நடந்த விசாரணையில் என்னதான் பேசினார்கள் என ஒரு மாணவர் கேட்டார். விடை தேடிய பேராசிரியர் விசாரணைப் பதிவுகளைப் படிக்கலானார். 118 சாட்சிகள் விசாரிக்கப்பட்டிருந்தனர். குண்டின் உலோகத்தைப் பகுத்தாய்ந்த வேதியியலாரும் சாட்சியம் அளித்திருந்தனர். ஆங்கில விக்கிப்பீடியாவின் ஹேமார்க்கெட் கட்டுரையிலோ, குற்றஞ்சாட்டப்பட்ட எவரையும் குண்டுவெடிப்போடு தொடர்புபடுத்தும் சான்றை அரசுத் தரப்பு முன்வைக்கவில்லை என்னும் கருத்துடைய வாக்கியம் இருந்தது. அதனை அவர் நீக்கினார். சில நிமிடங்களில் வாக்கியம் மீண்டும் இடம்பெற்றது. மூலப்பதிவுகளைச் சுட்டி வாதிட்டார். முதன்மைச் சான்றுகளைத் தாமே படித்து முடிவுரைப்பது அங்கு ஏற்கப்படாது, வெளியான இரண்டாம்நிலை நூல்கள் வேண்டும் என்றனர். 2011இல் அவருடைய நூல் வெளிவந்தபின் அதனைச் சான்றாகக் கொண்டு மீண்டும் திருத்தினார். இம்முறை, ஒரு நூலின் கருத்தைப் பல நூல்களின் கருத்துக்கு நிகராக வைக்க இயலாது என்றனர். வரலாற்றாசிரியர் அனைவரும் வானம் பச்சை என்றெழுத ஒருவர் மட்டும் நீலம் என்றெழுதினால், பெரும்பான்மையோர் பச்சை என்கின்றனர், ஒருவர் நீலம் என்கிறார் என்றுதான் இங்கு எழுத முடியும் என்ற பொருள்பட ஒரு தொகுப்பாளர் விடையிறுத்தார். 2012 பிப்ரவரியில் 'தி குரோனிக்கிள் ஆஃப் ஹையர் எஜுகேஷன்' இதழில் பேராசிரியர் இவற்றையெல்லாம் எழுத, விவாதம் பரவிற்று. ஹேமார்க்கெட் கட்டுரையும் பின்னர் மாற்றம் பெற்றது.

இந்நிகழ்வை உண்மைக்கும் பெரும்பான்மைக்கும் இடையிலான போராகப் படிப்பதே வழக்கமாகிவிட்டது. அப்படிப்பு மேலோட்டமானது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. சிக்கலுக்குரிய வாக்கியத்தை மீண்டும் நோக்குக. 'சான்று இல்லை' என்பது ஒரு செய்தியா, மதிப்பீடா? சாட்சியம் அளிக்கப்பட்டது என்பது பதிவில் உள்ள செய்தி. அச்சாட்சியம் நம்பத்தக்கதன்று, குண்டை வீசியவரோடு குற்றஞ்சாட்டப்பட்டவரை இணைக்கப் போதாது என்பது ஆவ்ரிச் முதலியோர் அதனை எடைபோட்டுச் சொன்ன முடிவு. கலைக்களஞ்சியம் அம்முடிவைத் தன் சொந்தக் குரலில், சொன்னவர் பெயரின்றி, நடந்த செய்திபோல எழுதியிருந்தது. பிழையின் வேர் அங்கேதான் உள்ளது. விக்கிப்பீடியாவின் நடுநிலை நோக்குக் கொள்கையே, மாறுபாட்டுக்குரிய மதிப்பீட்டை அதனைக் கூறியவர்மேல் ஏற்றி எழுத வேண்டும் என்கிறது. காவல் நின்ற தொகுப்பாளர்கள் மற்றிரு கொள்கைகளை எடுத்துக்காட்டிய வேகத்தில் இதனை மறந்தனர்.

பேராசிரியரின் பிழையும் இதன் மறுபக்கமே. வாக்கியத்தை 'ஆவ்ரிச்சும் டேவிட்டும் இவ்வாறு கருதினர்' என மாற்றும் வழி முதல் நாளே திறந்திருந்தது. அதற்குப் புதிய நூல் வேண்டியதில்லை. பழைய நூல்களே போதும். சொன்னவர் பெயரைச் சேர்த்த அளவில் அது செய்தியின் தரத்திலிருந்து கருத்தின் தரத்துக்கு இறங்கியிருக்கும். அவர் வாக்கியத்தை நீக்கித் தம் முடிவை அவ்விடத்தில் வைக்க முனைந்தார். ஆய்வுக்கட்டுரையில் அது குற்றமன்று, கடமை. முன்னோர் முடிபு தவறெனக் கண்டால் மறுத்துத் தம் முடிபை நிறுவுவதற்கே ஆய்வுக்கட்டுரை எழுதப்படுகிறது. ஆய்வாளரிடம் நாம் போற்றும் பண்பே கலைக்களஞ்சியத்தின் வாயிலில் பிழையாகிவிடுகிறது.

அதே 2012இல் புதின ஆசிரியர் பிலிப் ராத்துக்கு நேர்ந்ததும் இத்தகையதே. அவருடைய 'தி ஹியூமன் ஸ்டெயின்' புதினத்தின் தலைமைப் பாத்திரம் எழுத்தாளர் அனடோல் பிராயார்டை அடியொற்றியது எனத் திறனாய்வாளர் சிலர் கூறியிருந்தது கட்டுரையில் இடம்பெற்றிருந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர் மெல்வின் டியூமினுக்கு நேர்ந்த நிகழ்ச்சியே தம் புதினத்துக்கு அடி என்று ராத் தெரிவிக்க முயன்றபோது, இரண்டாம்நிலைச் சான்று வேண்டும் என்ற விடை கிடைத்தது. அவர் 'தி நியூயார்க்கர்' இதழ்வழித் திறந்த மடல் வெளியிட்டார். அம்மடல் உடனே சான்றாகிக் கட்டுரையில் சேர்ந்தது. படைப்பாளிக்கே தன் படைப்பைப் பற்றிச் சொல்ல உரிமையில்லையா என்று பலர் நகைத்தனர். எனினும் திறனாய்வாளர் அவ்வாறு கூறினர் என்பதும் பொய்யன்று. படைப்பாளியின் கூற்று ஒன்று, திறனாய்வாளர் கூற்று மற்றொன்று. இரண்டையும் உரியவர் பெயரோடு நிறுத்துவது மட்டுமே கலைக்களஞ்சியத்தின் வேலை. படைப்பாளியின் கூற்றே படைப்பின் பொருளுக்கு இறுதி எல்லை என்று நம் திறனாய்வு வகுப்புகளில் எவரும் கற்பிப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

'என்ப' என்னும் சொல்

கூற்றுடையாரைச் சுட்டுதல் தமிழுக்குப் புறத்திலிருந்து வந்த நெறியன்று. தொல்காப்பியம் தன் விதிகளைப் பெரிதும் 'என்ப', 'மொழிப' என்னும் வினைகளால் முடிக்கிறது. இலக்கண ஆசிரியன் தன் குரலை முன்னோர் குரலுக்குப் பின்னால் நிறுத்திக்கொள்ளும் அம்முறை, கலைக்களஞ்சிய எழுத்தாளருக்குச் சொல்லப்படும் அறிவுரைக்கு வியக்கத்தக்க அளவில் அணிமையானது. இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் முதலிய உரையாசிரியர்களும் பிறர் கொள்கையை எடுத்துரைத்து மறுக்கும்போது அதனைப் பிறர் கொள்கையென்றே வைத்து மறுக்கின்றனர்.

எனினும் இம்மரபில் ஒரு குறை உண்டு. சுட்டப்படுபவர் பலவிடங்களில் பெயரின்றியே நிற்கிறார். 'என்பாரும் உளர்' என்ற அளவில் உரையாசிரியர் நிறுத்திவிடுகிறார். அக்காலத்து மாணவருக்கு அவர் யாரென்பது ஆசிரியர் வாயிலாக விளங்கியிருக்கும். நமக்குப் பலவிடங்களில் விளங்கவில்லை. இப்பழக்கம் 'அறிஞர்கள் கருதுகின்றனர்', 'ஆய்வாளர்கள் கூறுவர்', 'ஒருசாரார் கொள்கை' என்னும் தொடர்களாக இன்றைய தமிழ் ஆய்வேடுகளில் தொடர்ந்து வாழ்கிறது. அவ்வேடுகளைப் படித்துப் பழகிய மாணவர் விக்கிப்பீடியாவில் அதே தொடர்களை எழுதுகிறார். யார் கருதுகின்றனர் எனக் கேட்கும் சிறு குறி அத்தொடரின் பக்கத்தில் வந்தமர்கிறது. தம்மை ஏளனம் செய்வதாக அவர் கருதுகிறார். ஆய்வேட்டுத் தேர்வாளர் கேட்டிருக்க வேண்டிய வினாவே அது.

தொல்காப்பியத்தின் காலத்தையே எடுத்துக்கொள்வோம். கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகள் தொடங்கிப் பிற்பட்ட நூற்றாண்டுகள்வரை அது கணிக்கப்பட்டுள்ளது. எஸ். வையாபுரிப் பிள்ளை காலத்தைப் பின்னுக்குக் கொணர்ந்தார். கமில் சுவெலபில் அதனைப் பல கால அடுக்குகள் கொண்ட நூலாகக் கண்டார். மிகு தொன்மை கூறுவோரும் உள்ளனர். புதுப்பயனர் ஒருவர் தம் ஆசிரியரிடம் கேட்ட நூற்றாண்டை எழுதி, முன்னிருந்ததை அழிக்கிறார் என்க. அடுத்து வருபவர் தம் ஆசிரியர் சொன்னதை எழுதுவார். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் எண் ஒன்று மட்டும் மாறிமாறி வர, அதன் பின்னே இருந்த வாதங்கள் எவையும் வாசகருக்குக் கிட்டா. ஒவ்வொரு கணிப்பையும் கூறியவர் பெயரோடும் நூலோடும் காரணத்தோடும் எழுதிவிட்டால் அடித்துத் திருத்த அங்கு எதுவும் எஞ்சாது. சேர்ப்பதற்கு மட்டுமே இடமிருக்கும்.

நடைப் பழக்கங்கள்

ஆய்வெழுத்திலிருந்து வரும் பிற பழக்கங்களையும் சுருக்கமாக நோக்கலாம். தலைப்புக்குப் பின்னால் 'ஓர் ஆய்வு' என்று சேர்ப்பது, முன்னுரையும் முடிவுரையும் அமைப்பது, புலவரைப் பேராசான் என்றும் பேரறிஞர் என்றும் அடைகொடுத்து விளிப்பது ஆகியன எளிதில் நீக்கத்தக்கவை. பட்டங்களை நீக்குவது அவமதிப்பு என்ற எண்ணம்தான் எளிதில் நீங்குவதில்லை. தமிழ் விக்கிப்பீடியா மாந்தரைப் பொதுவாக 'இவர்', 'ஆவார்' எனப் பலர்பாலால் குறித்தே மரியாதையைக் காத்துக்கொள்கிறது. தமிழில் வினைமுற்றே செய்துவிடும் பணியை அடைமொழி மீண்டும் செய்ய வேண்டுவதில்லை.

இடமும் காலமும் சுட்டும் சொற்கள் இன்னும் நுட்பமான இடர் தருவன. 'நமது மாநிலம்', 'நம் நாட்டில்', 'அண்மையில்', 'இன்றைய முதல்வர்' என்றெழுதும் தமிழ்நாட்டு மாணவருக்குத் தம் வாசகர் யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ ரொறன்ரோவிலோ இருக்கக்கூடும் என்ற நினைவே எழுவதில்லை. இதன் நீட்சியாக நிகழும் பிழை ஒன்று உண்மையிலேயே ஊறு செய்வது. வைத்தியசாலையை மருத்துவமனை என்றும், உதைபந்தாட்டத்தைக் கால்பந்து என்றும், யப்பானை ஜப்பான் என்றும், ரொறன்ரோவை டொராண்டோ என்றும் 'திருத்தி'விட்டுத் தாம் எழுத்துப்பிழை களைந்ததாக அவர் மகிழ்கிறார். மறுதிசையிலும் இது நிகழலாம். ஈழத்து வழக்கு பிழையன்று, மற்றொரு வழக்கு. தமிழகத்துப் பாடத்திட்டங்கள் தமிழை ஒரே எழுத்துத்தரம் உடையதாகக் காட்டிவந்ததன் விளைவு இது. பயனரைக் கடிந்து பயனில்லை.

காவல் நிற்போர்

ஆரன் ஹாஃபேக்கரும் உடனாய்வாளரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்பான பங்களிப்பாளர் எண்ணிக்கை 2007வரை உயர்ந்து பின்னர்ச் சரிந்தமைக்குக் காரணம் தேடிய அவர்கள், நன்னோக்குடன் வரும் புதியவர்களின் விகிதம் குறைந்துவிடவில்லை எனக் கண்டனர். அவர்களுடைய முதல் தொகுப்புகள் மீளமைக்கப்படும் அளவு உயர்ந்திருந்தது. விசமத் தொகுப்புகளை விரைந்து களைய உருவான அரைத்தானியங்கிக் கருவிகளும் உறைந்துபோன விதிகளும் நல்லவரையும் சேர்த்தே விலக்கின. கருவி ஒரு சொடுக்கில் மீளமைக்கும்; ஏன் என்று விளக்க மனிதர் ஒருவர் அமர்ந்து எழுத வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டிற்று. பணியின் பரப்போடு ஒப்பிட, தொடர்ந்து இயங்குவோர் சிலரே. இச்சிலர் தாமே நேரம் ஒதுக்கி ஊதியமின்றி உழைப்பவர்கள். பயிலரங்கு ஒன்றின் முடிவில் ஒரே நாளில் வந்து குவியும் நாற்பது கட்டுரைகளையும் அவர்களே படித்துத் திருத்தியாக வேண்டும். பயிலரங்கு நடத்தும் துறைகள் தம் மாணவர் எழுதியவற்றை ஒரு திங்களேனும் பின்தொடர்ந்து பார்ப்பதில்லை என்றால் அச்சுமை முழுவதும் அறிமுகமில்லாத சிலர் தலைமேல் விழுகிறது. அவர்கள் விளக்கமெழுதாது நீக்குவதைக் குறைகூறுமுன் இதனை எண்ண வேண்டும்.

இல்லாத இரண்டாம்நிலை எழுத்து

மெசர்-குரூசுக்குச் சொல்லப்பட்ட விடையில் ஒரு பகுதி தமிழ்ச் சூழலில் வேறு பொருள் கொள்கிறது. இரண்டாம்நிலை நூல் கொண்டு வருக என்று ஆங்கிலத்தில் கேட்டால், பொறுத்திருந்து கொண்டுவர முடிகிறது. அங்கு ஒரு பொருள்பற்றிய ஆய்வுகள் அனைத்தையும் தொகுத்து எடைபோடும் கையேடுகளும் மதிப்பாய்வுக் கட்டுரைகளும் தொடர்ந்து வெளிவருகின்றன. கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு உண்மையான அடித்தளம் அவையே. பெரும்பான்மைக் கருத்து எது, சிறுபான்மைக் கருத்து எது எனத் தொகுப்பாளர் தாமே எண்ணிப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியதில்லை. துறையே அதனை எழுதி வைத்திருக்கும்.

தமிழியலில் அத்தகைய எழுத்து அரிது. 1954இல் முதல் தொகுதி வெளிவந்து பத்துத் தொகுதிகளாக நிறைவுற்ற, பெரியசாமி தூரன் முதன்மை ஆசிரியராக அமைந்த கலைக்களஞ்சியமும், தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வாழ்வியற் களஞ்சியமும் ஒருகாலத்தில் அவ்விடத்தை நிரப்பின. அவற்றுக்குப் பின் நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்துரைக்கும் முயற்சிகள் மிகச் சில. ஆய்விதழ்களில் கட்டுரைகள் பெருகியுள்ளன. ஒவ்வொன்றும் மூலநூலை எடுத்துத் தன் தலைப்புக்கேற்ற அடிகளைத் திரட்டித் தன் முடிவைச் சொல்கிறது. அதே பொருளில் முன்னர் எழுதிய பத்துப் பேர் என்ன சொன்னார்கள், எவர் எவரை மறுத்தார் என்பது பெரும்பாலும் அதில் இராது. முனைவர் பட்ட ஆய்வேட்டில் 'முன்னாய்வுகள்' என்னும் பகுதி உண்டு; அதுவும் பலவிடங்களில் ஆய்வேட்டுத் தலைப்புகளின் நிரலாகச் சுருங்கிவிடுகிறது. ஆதலின் நேர்மையான புதுப்பயனர்கூட, புறநானூற்றுப் பாடல் எண்ணை நேரடியாகச் சுட்டித் தம் விளக்கத்தை எழுதுவதன்றி வேறுவழி காண்பதில்லை. சொந்த ஆய்வு கூடாது என்னும் விதியை அவர் மீறுகிறார் என்பது உண்மை. விதியைப் பின்பற்றுதற்குரிய பொருளை நாம் அவருக்கு உண்டாக்கித் தரவில்லை என்பதும் உண்மை.

சான்றாகக்கூடிய எழுத்து இருக்குமிடத்தும் அது கிட்டுவதில்லை. நூலகத்தில் ஒரே படியாக உள்ள வெளியிடப்பெறாத ஆய்வேட்டைப் பிறர் சரிபார்க்க இயலாது. கருத்தரங்கத் தொகுப்பு ஐந்நூறு பக்கங்களில் அச்சாகிக் கட்டுரையாளர்களுக்கு வழங்கப்பட்டதோடு முடிந்துவிடுகிறது. இவற்றுக்கும் அப்பால் உரிமச் சிக்கல் ஒன்று உள்ளது. தம் கட்டுரை பரவட்டும் என்ற நன்னோக்கில் ஆசிரியர் ஒருவர் இதழில் வெளியான அதனை அப்படியே எடுத்து விக்கிப்பீடியாவில் இடுகிறார். இதழ் படைப்பாக்கப் பொதும உரிமத்தில், அதுவும் மறுபயன்பாட்டுக்கும் மாற்றத்துக்கும் தடையில்லாத வகையில், வெளிவந்திருந்தால் அக்கட்டுரையின் பகுதிகளை மூலஞ்சுட்டி அங்குப் பயன்படுத்தலாம். உரிமக் குறிப்பே அச்சிடாத இதழாயின், ஒட்டியவர் கட்டுரையின் ஆசிரியரே ஆனாலும், பதிப்புரிமை மீறலாகக் கருதி நிர்வாகி அதனை நீக்குவார்; எழுதியவர் தாமே என்பதை உறுதிசெய்ய அத்தளத்தில் தனி மின்னஞ்சல் முறை உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருப்பதில்லை.